பயிற்சிக் காலம் வீண் காலமல்ல

"இத்தனை வருஷம் படிச்சது போதாதா? இன்னும் பயிற்சியா?" என்று பெற்றோர் கேட்பதை நாம் அறிவோம். பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் இது நியாயமான கேள்வியே.

ஆனால் நேர்முகப் பரீட்சையில், "அனுபவம் இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். கொழுந்து பறிக்கவும் பக்கத்தில் நின்று பார்த்துத்தானே பழகினீர்கள்? பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களும் பட்டம் பெறுமுன் வேலைத்தளங்களில் பயிற்சி பெறுகிறார்கள். 'நைட்டா' எனப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை இதற்கு உதவுகிறது.

பிள்ளைகளே, செய்த வேலையை அன்றன்றே நாட்குறிப்பில் எழுதுங்கள். முடிவில் சான்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

பெற்றோரே, கொடுப்பனவு உண்டா என்று முதலிலேயே விசாரியுங்கள். பஸ் காசு இல்லையென்று பயிற்சியை இடையில் நிறுத்திவிடாதீர்கள். பட்டம் கையிலிருந்தும் பிள்ளை வீட்டிலிருக்க நேரிடலாம்.