மலையின் 1976-ஐ எழுதுவது யார்?

அரசியல்வாதி தன் வரலாறு எழுதினால் அதில் சிறை வரும். வரத்தான் வேண்டும்! மு.க. ஸ்டாலின் எழுதிய 'உங்களில் ஒருவன்' முதல் பாகம் 2022 பிப்ரவரியில் வெளியாயிற்று. 1953-இல் பிறந்தவரின் கதை, 1976-இல் மிசா கைதியாகிச் சென்னை மத்தியச் சிறைக்குள் தள்ளப்பட்டதோடு நிற்கிறது. அதே கொட்டடியில் அடிபட்டுப் பின்னர் உயிர்நீத்த சிட்டிபாபுவும் சிறைக் குறிப்புகளை விட்டுச் சென்றார். 1976 என்றாலே கழகத் தோழனுக்குக் கம்பிக் கதவுதான் கண்முன் நிற்கும்.

ஆனால் கள்ளக்குறிச்சித் தோழர்களே, அதே 1976-இல் உங்கள் ஊருக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையில் நடந்தது என்ன?

ஜாகீர் ஒழிந்தது! சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற பெயர்களில் மூன்று ஜாகீர்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் வரி கட்டியது அவர்களுக்கு. கூலியின்றி உழுததும் அவர்களுக்கு. சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். அது மலையேற 28 ஆண்டுகளா? கோமுகி ஆறு கீழே இறங்கிவர ஒரு நாள்கூட ஆகாதே!

நாட்டின் வாய்க்குப் பூட்டுப் போட்ட நெருக்கடி நிலை ஆண்டில்தான் மலையின் பூட்டுத் திறந்தது. நமக்கு இது கசப்பான செய்தி. கசந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும். கீழே சிறைப்பட்டவன் கதை அச்சேறிவிட்டது, மகிழ்கிறோம். மேலே விடுபட்டவன் கதை எங்கே?

இந்த வட்டாரத்தில் மேடை ஏறியவர்கள், வட்டம் மாவட்டம் பார்த்தவர்கள், எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். நாளை அவர்களும் நினைவுகளை எழுதக்கூடும். மாலை விழுந்த கணக்கு வேண்டாம் அய்யா! வெள்ளிமலைக்கு எப்போது ஏறினீர்கள்? பட்டா கேட்டவனுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகாவது மலைக்கு என்ன கேட்டு வாங்கினீர்கள்? 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின் மலை மக்களின் நிலையை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. நீதிமன்றம் கேட்கும்வரை நாம் எங்கே இருந்தோம்? அந்தப் பக்கத்தையும் எழுதுங்கள்.

1976-இல் இருபது வயதில் ஏர் பிடித்தவருக்கு இன்று எழுபது. எழுதத் தெரிந்த தோழர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போகட்டும். முதலில் அவர் சொல்லட்டும். தலைவர்கள் பிறகு எழுதலாம்.