ஆக்சிசன் குறைவால் மூளைப் பாதிப்பு: சட்ட இழப்பீடு

மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்சிசன் கிடைக்காவிட்டாலே அதன் செல்கள் இறக்கத் தொடங்கும். மருத்துவக் கவனக்குறைவே இதற்குக் காரணமெனில் இழப்பீடு கோரலாம்.

இந்தியாவில் இதற்கு முன்னோடி, ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு. டைபாய்டுக்குச் சேர்க்கப்பட்ட சிறுவனுக்குத் தவறான ஊசி போட்டதால் இதயம் நின்று, மூளை மீளாத பாதிப்படைந்தது. சிறுவனுக்கு ரூ.12.5 லட்சமும், மன வேதனைக்காகப் பெற்றோருக்கு ரூ.5 லட்சமும் வழங்கும் உத்தரவை 1998இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பணம் கட்டிய பெற்றோர், சிகிச்சை பெற்ற குழந்தை இருவருமே நுகர்வோர் என்றது.

சேலம், நாமக்கல் மக்கள் தத்தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம். அதற்கு முன் மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேட்டுப் பெறுவது முக்கியம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீதான வழக்குக்கு, உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும்.