மனோதர்மம், ஜாஸ், கதை: சில குறிப்புகள்

சோதனை முயற்சியாக எழுதப்படும் கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ஜாஸும் கூடவே வந்துவிடும். "முன்கூட்டி எதுவும் யோசிக்கல, வந்ததை அப்படியே எழுதினேன், ஜாஸ் மாதிரி" என்று யாராவது சொல்வார்கள். எனக்கு இது உறுத்தும். மனோதர்மத்தைக் கேட்டே வளர்ந்த தஞ்சாவூர்ப் பக்கத்தில், "யோசிக்காமல் வந்தது" என்பதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை.

முதலில் ஜாஸ். ஒரு மெட்டு, அதற்கடியில் வரிசையாக மாறும் கார்டுகள். 12 அல்லது 32 பார் கொண்ட ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சாக்ஸபோன்காரர் எங்கே பறந்தாலும், சுற்றில் இப்போது எந்த இடம் என்று டிரம்ஸ்காரருக்குத் தெரியும். மேலே சுதந்திரம், கீழே கறாரான சட்டகம்.

நாகஸ்வரத்தில் கார்டு கிடையாது. அந்த இடத்தில் ராக இலக்கணம் நிற்கிறது: எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதை அசைக்க வேண்டும், எந்தப் பிடி ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதெல்லாம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இதற்குப் பெரிய உதாரணம். மணிக்கணக்கில் விரியக்கூடிய ராகத்தை, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம் மட்டுமே பிடிக்கும் 78 சுழற்சி இசைத்தட்டிலும் அவர் தந்திருக்கிறார். அதே மூன்று நிமிஷத்துக்குள்தான் ஆரம்பகால ஜாஸ்காரர்களும் தங்கள் கற்பனையை அடக்கினார்கள்.

சரி, கதைக்கு இதில் என்ன வேலை?

இங்கே கதையையே மனோதர்மமாக நிகழ்த்திய கலை ஒன்று இருக்கிறது: ஹரிகதை. மராட்டியர் ஆட்சியோடு வந்த கீர்த்தன் மரபைத் தமிழ்க் காதுக்கு ஏற்ப மாற்றியவர், 19ஆம் நூற்றாண்டின் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். ஸாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று பாட்டுகள் முன்கூட்டியே அமைந்தவை. இடையில் வரும் பேச்சு அப்படியல்ல. சபையின் முகத்தைப் பார்த்து ஒரு உபகதையை நீட்டலாம், ஒரு நகைச்சுவையைச் செருகலாம், அது எடுபடவில்லை என்றால் சட்டென்று பாட்டுக்குத் தாவலாம். பாட்டுதான் சட்டகம், பேச்சுதான் ஸோலோ. ஜாஸுக்கு இதைவிட நெருங்கிய உறவு கதை உலகில் எனக்குத் தெரிந்து இல்லை.

அச்சுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. எழுத்தாளர் அடிக்கலாம், திருத்தலாம். வாசிப்பவருக்கு இறுதி வடிவம் மட்டுமே தெரியும். எங்கள் தொழில் பாஷையில், அன்டூ உள்ள எடிட்டர். மேடையில் அன்டூ கிடையாது. தவறிய ஸ்வரத்தை அடுத்த ஸ்வரம்தான் காப்பாற்ற வேண்டும்.

எழுத்தில் இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவது தொடர்கதை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' சுதேசமித்திரன் வார இதழில் தொடராக வந்தது. வாராவாரம் எழுதிக் கொடுப்பவருக்கு, போன வாரம் அச்சானது அச்சானதுதான். அதற்கு அர்த்தம் கற்பிக்கும் பொறுப்பு இந்த வார அத்தியாயத்துக்கு.

ஜாஸ் எழுத்து என்றதும் பலர் சொல்வது ஜாக் கெரோவாக் பெயரை. 1951 ஏப்ரலில், மூன்றே வாரத்தில், சுமார் 120 அடி நீளக் காகிதச் சுருளில் 'ஆன் தி ரோட்' நாவலைத் தட்டச்சு செய்தார். இந்தக் கதையில் பாதிதான் பரவியது. அதற்கு முன் பல வருஷம் நோட்டுப்புத்தகங்களில் குறித்துவந்தார், முந்தைய வடிவங்களையும் எழுதிப் பார்த்தார். பின்னும் திருத்தங்கள் நடந்து, நூல் வெளியானது 1957ல். மூன்று வாரம் கச்சேரி என்றால், அதற்கு முந்தைய வருஷங்கள் சாதகம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் செம்மங்குடியில் பிறந்த மௌனி (1907–1985). மொத்தம் இருபது சொச்சம் கதைகள்தான். வேகமாகக் கொட்டியவர் அல்ல. ஆனாலும் படிக்கும்போது ஆலாபனை கேட்கிற உணர்வு வருகிறது. சம்பவம் குறைவு. நிழல், ஒளி, வெறுமை என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு இடத்தில் நிற்கின்றன. 'பிரபஞ்ச கானம்' கதையில் சங்கீதமே மையம். அதாவது, மெதுவாக எழுதியதும் மனோதர்மம் போல ஒலிக்கலாம். வேகமாக எழுதியது ஒலிக்காமலும் போகலாம். வேகத்தை வைத்து இதை அளக்க முடியாது. சட்டகம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எழுத்துக்கு அமையாத ஒன்று உண்டு: பக்கத்தில் ஒரு தவில்காரர். வாசிப்பவரின் அடுத்த பிடியை ஊகித்து, பதில் சொல்லி, சில நேரம் சீண்டியும் விடுகிறவர். எழுதுபவருக்கு அந்தப் பதில் மாதம் கழித்துத்தான் வரும், வந்தால்.

கவலை இதுதான். நாகஸ்வர மனோதர்மம் சுவாமி புறப்பாட்டின் நீண்ட இரவுகளில் வளர்ந்தது. மல்லாரியில் தொடங்கி, வீதி வீதியாக நின்று நின்று வாசிக்க நேரம் இருந்தது. நின்று கேட்க ஆளும் இருந்தது. இன்று நான் போகும் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முன் அரை மணி கிடைக்கிறது. அதிலும் பாதி சினிமாப் பாட்டுக்கான சீட்டு. கலைஞருக்கு ராகம் தெரியாமல் இல்லை. அதை விரிக்க இடம்தான் இல்லை. பயன்படுத்தாத மனோதர்மம் அடுத்த தலைமுறைக்கு மனப்பாடமாகத்தான் போய்ச் சேரும்.

ஆகவே "ஜாஸ் மாதிரி எழுதினேன்" என்று இனி யாராவது சொன்னால், கேட்க வேண்டியவை இரண்டு: எந்தச் சட்டகத்தின் மேல் வாசித்தீர்கள்? யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்?