முட்டத்தறைக்கு வரும் ஐம்பது மூட்டை உரம்

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அருகே முட்டத்தறையில் நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 2013-இல் செயல்படத் தொடங்கிய இந்நிலையம், நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கக்கூடியது. அதற்கு முன்பு நகரத்துக் கழிவுநீர் வலியதுறைப் பண்ணைக்குப் போய் மாட்டுக்குப் புல் வளர்த்தது. சுகாதாரக் கண்ணோட்டத்தில் அது சரியான முறையல்ல. ஆனால், மண்ணிலிருந்து வந்த சத்து மண்ணுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

நான் இந்த நகரத்தில் வேதியியல் ஆசிரியர். நாஞ்சில் நாட்டில் நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவன். 1,350 ரூபாய் கொடுத்து டிஏபி உர மூட்டை வாங்கும் வீட்டுக்காரன் என்பதால், ஒரு கணக்கு எப்போதும் என்னை உறுத்துகிறது. ஒரு லிட்டர் கழிவுநீரில் 5 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். முட்டத்தறை முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 500 கிலோவுக்கு மேல் பாஸ்பரஸ் வருகிறது. 50 கிலோ டிஏபி மூட்டையில் இருப்பது சுமார் 10 கிலோதான். அதாவது, தினமும் ஐம்பது மூட்டை உரத்தின் பாஸ்பரஸ் குழாய் வழியாக வந்து சேர்கிறது.

இந்தியா தனக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. உலக இருப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் மொராக்கோவின் கையில் இருக்கிறது. அங்கே விலை ஏறினால் இங்கே மானியச் சுமை ஏறும். அதே பாஸ்பரஸ் ஏரியில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டி, நீரின் ஆக்சிஜனைக் குடித்துவிடும். இந்நகரத்தின் ஆக்குளம் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாஸ்பரஸைத் திரும்ப எடுக்கும் வழி எளிய வேதியியல்தான். முதலில் சிறுநீரை எடுத்துக்கொள்வோம். மூடி வைத்த சிறுநீரில் சில வாரங்களில் யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. திரவம் காரத்தன்மை அடைகிறது. அதில் பேதி உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்து ஊற்றிக் கலக்கினால், தெளிந்த திரவம் பால்போல் கலங்கும். சற்று நேரத்தில் அடியில் வெண்பொடி படியும். வடிகட்டி நிழலில் உலர்த்த வேண்டும். சூடேற்றினால் அம்மோனியா பறந்துவிடும். உலர்ந்த பொடியை விரலிடையே தேய்த்தால் நறநறக்கும். அதன் பெயர் ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த படிகம். எடையில் எட்டில் ஒரு பங்கு பாஸ்பரஸ். தண்ணீரில் எளிதில் கரையாது. அமில மண்ணில் மெல்லக் கரைந்து வேருக்குப் போகும். அமிலச் செம்மண்ணும் இரண்டு பருவமழையும் உள்ள கேரளத்துக்கு, மழையில் அடித்துப்போகாத உரம் பொருத்தமானது.

பெரிய நிலையங்களில், கசடைச் செரிக்க வைத்தபின் பிழிந்தெடுக்கும் நீரில் இதைச் செய்கிறார்கள். அங்கே ஸ்ட்ரூவைட் தானாகவே குழாய்களில் கல்லாகப் படிந்து அடைப்பதும் உண்டு. அதைத் தனிக் கலனில் விளையவைத்தால் அடைப்பும் குறையும், உரமும் கிடைக்கும். கனடாவின் எட்மண்டன் நகரம் 2007-இலேயே இதைத் தொடங்கியது. ஜெர்மனியில் பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்டாக வேண்டும் என்று 2017-இலேயே விதி செய்துவிட்டார்கள். நம் பக்கத்தில், திருச்சி மாவட்டம் முசிறியில் ஸ்கோப் அமைப்பு கட்டிய சமுதாயக் கழிப்பறையில் சிறுநீரைத் தனியே சேகரித்துப் பயிருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

தடைகளும் உண்டு. நகரக் கழிவுநீரில் பாஸ்பரஸ் மிகவும் நீர்த்துப்போயிருப்பதால், ஸ்ட்ரூவைட் வழியில் ஒரு பகுதியைத்தான் பிடிக்க முடியும். மெக்னீசியம் வாங்கப் பணம் வேண்டும். ஆனால், தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் மிகுந்திருக்கிறது. உரத்தில் கிருமியும் கன உலோகமும் இல்லை என்பதைச் சோதித்தே விற்க வேண்டும். இவற்றில் எதுவும் தீர்க்க முடியாத சிக்கல் அல்ல.

சிறுநீர் செறிவாகக் கிடைக்கும் விடுதிகள், ரயில் நிலையங்கள், கல்லூரிகளிலிருந்து தொடங்கலாம். இனிக் கட்டும் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையத்துக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே பாஸ்பரஸ் மீட்பையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். அடுத்த வார்டு சபையில் இதைக் கேளுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்பதோடு, அதிலுள்ள உரம் எங்கே போகிறது என்றும் கேளுங்கள்.