‘டக்’ சத்தம் கேட்குதா? எலெக்ட்ரிக் வீல்சேர் பிரேக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

அம்பாசமுத்திரத்தில் பைக் பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெரிய கவலை இல்லை. பக்கத்துத் தெருவிலேயே மெக்கானிக் இருப்பார். ஆனால், அப்பா உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரிக் வீல்சேர் திடீரென நின்றுவிட்டால்? சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் மகனுக்குத்தான் முதலில் போன் வரும்: “எய்யா, வண்டி நகரவே மாட்டேங்கு.”

அவசரத்துக்கு பைக் மெக்கானிக்கையே கூப்பிடுவார்கள். அவர் மோட்டார் பக்கத்தில் இருக்கும் லீவரைத் திருப்புவார், வண்டி உருளும். “சரியாயிட்டு அண்ணாச்சி, தள்ளிக்கிட்டே போலாம்” என்பார். உண்மையில் அந்த நிமிஷத்தில் வண்டிக்கு பிரேக்கே இல்லை. அம்பைக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஆற்றை நோக்கி இறங்கும் சரிவில் அந்த வண்டியை விட்டால் என்ன ஆகும்?

பைக் பிரேக்குக்கு நேர் எதிர்

பைக்கில் நாம் அழுத்தினால்தான் பிரேக் பிடிக்கும். ஜாய்ஸ்டிக்கால் ஓட்டும் எலெக்ட்ரிக் வீல்சேரில் இது தலைகீழ். இரண்டு மோட்டார்களின் பின்பக்கமும் மின்காந்த பிரேக் ஒன்று இருக்கும். அதை எப்போதும் பிடித்து வைத்திருப்பது ஒரு ஸ்பிரிங். கரண்ட் வந்தால், உள்ளே இருக்கும் காயில் காந்தமாகி, பிரேக்கை விடுவிக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் மறுபடியும் பிடித்துக்கொள்ளும்.

வயர் அறுந்தாலும், பேட்டரி காலியானாலும் வண்டி உருளாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் ‘வண்டி நகரல’ என்ற புகார் பல நேரம் பிரேக் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். கரண்ட் ஏன் காயிலுக்குப் போகவில்லை என்பதைத்தான் தேட வேண்டும்.

இன்னொரு விஷயம்: ஓடும்போது வேகத்தைக் குறைப்பது இந்த பிரேக் இல்லை. ஜாய்ஸ்டிக்கை விட்டதும் கன்ட்ரோலர், மோட்டாரை வைத்தே வண்டியை நிறுத்தும். நின்ற பிறகுதான் பிரேக் பூட்டும். அந்த ‘டக்’ சத்தம் அதுதான்.

(கைப்பிடியும் கை பிரேக்கும் உள்ள மூன்று சக்கர மோட்டார் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் பிரேக் ஏறக்குறைய பைக் மாதிரிதான்.)

வீடியோ காலிலேயே பார்க்கலாம்

முதலில் உட்கார்ந்திருப்பவரை வேறு நாற்காலிக்கு மாற்றிவிடுங்கள். சமதளத்தில்தான் சோதிக்க வேண்டும்.

1. லீவர்: இரண்டு மோட்டாரிலும் உள்ள லீவர்கள் ‘டிரைவ்’ நிலையில் இருக்கின்றனவா? வேனில் ஏற்றி இறக்கும்போது ஒன்று மட்டும் பாதியில் நின்றிருக்கலாம். லீவர் விடுவித்த நிலையில் இருந்தால் பல மாடல்களில் கன்ட்ரோலர் வண்டியை ஓட விடாது.

2. தள்ளிப் பாருங்கள்: சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு, வண்டியைத் தள்ளுங்கள். அசையக் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் உருண்டால், அந்தப் பக்கத்து பிரேக் தேய்ந்திருக்கலாம் அல்லது லீவர் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

3. சத்தம்: ஆன் செய்து ஜாய்ஸ்டிக்கை லேசாகத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ‘டக்’ கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், கேட்காத பக்கத்தில்தான் சிக்கல்.

4. விளக்கு: ஜாய்ஸ்டிக் பெட்டியில் விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். அதுதான் கோளாறு எண். உதாரணமாக, ‘விஆர்2’ கன்ட்ரோலரில் 9 கட்டங்கள் மின்னினால் பார்க்கிங் பிரேக் இணைப்பில் கோளாறு. ‘ஷார்க்’ கன்ட்ரோலரில் 5, 6 என்றால் முதல், இரண்டாம் மோட்டாரின் பிரேக். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது அவசியம்.

5. பிளக்: மோட்டாரிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் பிளக்கைப் பாருங்கள். மழைத் தண்ணீர், சேறு, பச்சை பிடித்த பின், சீட்டுக்கு அடியில் நசுங்கிய வயர். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

6. பேட்டரி: வயதான பேட்டரி, லோடு ஏறியதும் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது காயில் பிரேக்கை முழுசாக விடுவிக்காமல் போகலாம். வண்டி இழுத்து இழுத்துப் போகும், மோட்டார் சூடாகும், கருகல் வாடை வரும். உடனே நிறுத்திவிடுங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் என்ன சொல்வது?

மல்டிமீட்டர் வைத்திருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பிரேக் காயில்களின் ரெசிஸ்டன்ஸையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் அளவே காட்டவில்லை என்றால் காயிலோ வயரோ அறுந்திருக்கிறது. ஒன்றில் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இரண்டும் சரி, பிளக்கும் சுத்தம், ஆனாலும் கோளாறு எண் போகவில்லை என்றால் சந்தேகம் கன்ட்ரோலர் மேல். அதை சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுவது நல்லது.

செய்யவே கூடாதவை மூன்று

பிரேக்குக்குள் ஆயில், ஸ்பிரே அடிக்கக் கூடாது. உராய்வுத் தட்டில் எண்ணெய் பட்டால் பிடிப்பு போய்விடும்.

கோளாறு எண் வருகிறது என்பதற்காக பிரேக் வயரை ஜம்பர் போட்டு ஏமாற்றக் கூடாது.

லீவரை விடுவித்த நிலையில், ஆள் உட்கார்ந்திருக்க, சரிவில் தள்ளக் கூடாது. சமதளத்தில் தள்ள வேண்டியிருந்தாலும் கைப்பிடியை விடவே கூடாது.

யாரிடம் போவது?

தசைச்சிதைவு, முதுகுத்தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு பேட்டரி வீல்சேர் வழங்குகிறது. அப்படிக் கிடைத்த வண்டி என்றால், பிரிப்பதற்கு முன் வாரண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திருநெல்வேலியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேளுங்கள்.

கோளாறு வண்டியில் இல்லை, உட்காரும் முறையிலோ ஜாய்ஸ்டிக் பிடிக்கும் கையிலோதான் சிரமம் என்றால் மறுவாழ்வு நிபுணரைப் பார்க்க வேண்டும். தென்காசி அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் அது. அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

இன்று ராத்திரி ஊருக்கு போன் பேசும்போது ஒரு நிமிஷம் வீடியோவை வண்டிப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். கன்ட்ரோலரின் பெயர், மாடல் எண், இரண்டு லீவர்களும் இருக்கும் இடம். இதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், வண்டி நிற்கும் நாளில் பதறாமல் வழி சொல்லலாம்.