கடவுச்சொல் வேண்டாம் என்றாலும் லினக்ஸ் கேட்கிறதா?

தமிழ்ப்பள்ளிக் கணினிக்கூடத்தைக் கவனிக்கும் ஆசிரியர் பிரிண்டர் சேவையை மட்டும் மறுதொடக்கம் செய்யலாம், கடவுச்சொல் தேவையில்லை. லினக்ஸில் அப்படித்தான் 'சூடோ' விதி எழுதப்பட்டது. ஆனாலும் கணினி கடவுச்சொல் கேட்கிறது.

காரணம் பெரும்பாலும் வரிசைதான். பல விதிகள் பொருந்தினால், கடைசி வரியின் சொல்லே செல்லும். ஆசிரியர் குழுவுக்கு அதே கட்டளையைக் கடவுச்சொல்லோடு அனுமதிக்கும் வரி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தனிநபர் வரியை அதற்கும் கீழே இறக்குங்கள். திருத்தத்தை 'விசூடோ' வழியாகவே செய்யுங்கள். பிழை இருந்தால் பதிவாகும் முன்பே எச்சரிக்கும். பிறகு அந்த ஆசிரியரின் கணக்கில் 'சூடோ -எல்' என்று தட்டினால், அவருக்குள்ள அனுமதிகள் தெரியும்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து 'விம்' போன்ற எடிட்டரைச் சூடோவில் திறந்துவிடுவது ஆபத்து. அதற்குள்ளிருந்தே ஷெல்லுக்குப் போய் முழு நிர்வாகியாகிவிடலாம். குறிப்பிட்ட கோப்பைத் திருத்த 'சூடோஎடிட்' போதும்.