வாசித்தவர் பெயரையும் சேமியுங்கள்

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஓட்டலில் சேர்ந்து உட்கார முடியாத ஊராக அமெரிக்காவின் மெம்பிஸ் இருந்த காலம். ஜிம் ஸ்டூவர்ட் 1957இல் தொடங்கி, அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனோடு சேர்ந்து நடத்திய இசைத்தட்டு நிறுவனம் 1961இல் ஸ்டாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு பழைய சினிமா கொட்டகைதான் அதன் ஒலிப்பதிவுக் கூடம். அங்கே ஓடிஸ் ரெட்டிங் போன்ற கறுப்பினப் பாடகர்களுக்குப் பின்னால் வாசித்த புகழ்பெற்ற நால்வரில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். 1975இல் நிறுவனம் திவாலானது. 1989இல் கட்டடமும் இடிபட்டது. பாட்டுகள் அழியவில்லை. யார் யார் சேர்ந்து அவற்றை உண்டாக்கினார்கள் என்ற நினைவுதான் மங்கிக்கொண்டிருந்தது. 2003இல் அதே மனையில் எழுந்த அருங்காட்சியகம் காப்பாற்றியது அந்த நினைவைத்தான்.

நம் நாட்டு இசைத்தட்டுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். 1902இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்குப் பாடிய கௌஹர் ஜான், ஆர்மீனிய வம்சத் தந்தைக்குக் கிறிஸ்தவப் பெயரோடு பிறந்து, பிறகு இஸ்லாத்தைத் தழுவியவர். மைசூர் அரண்மனைப் பாடகியாக 1930இல் அங்கேயே காலமானார். தெற்கே கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூரு நாகரத்தினம்மாள் எனத் தேவதாசி மரபுப் பெண்களின் குரல்கள் தட்டேறின. அவர்களைச் சமூகம் ஒதுக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

அந்த வெள்ளைக்காரக் கம்பெனி லாபத்துக்காகத்தானே இவர்களைத் தேடி வந்தது என்று கேட்கலாம். உண்மைதான். அது ஸ்டாக்ஸ் போலச் சமமாகச் சேர்ந்து உழைத்த கூடமும் அல்ல. அதிகாரம் லண்டனில் இருந்தது. ஆனால் வியாபாரம் திறந்த கதவு வழியே உள்ளே வந்தவர்கள் யார் என்பது வியாபாரக் கணக்கோடு முடிந்துபோகும் சங்கதி அல்ல. ஸ்டாக்ஸும்கூட ஒரு ஒப்பந்தத்தின் காரணமாக 1968இல் தன் மூலப் பதிவுகளை அட்லாண்டிக் நிறுவனத்திடம் இழந்தது. உரிமை கைமாறலாம்; உழைத்தவர் பெயர் தொலையக் கூடாது.

எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். குரல் கிடைக்கிறது, ஆனால் பிடில் வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர், தட்டின் வரிசை எண், பதிவான ஊர் ஆகியவை பல சமயம் விடுபட்டுப்போகின்றன. பெங்களூருவில் விக்ரம் சம்பத் நிறுவிய இந்திய இசை ஆவணக்காப்பகம் பழைய தட்டுகளை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றிவருகிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் காப்புரிமை 60 ஆண்டுகள்தான் என்பதால், அந்தக் காலத் தட்டுகளைப் பொதுவில் வைக்கச் சட்டமும் குறுக்கே நிற்காது. மீதி வேலை வீடுகளில் இருக்கிறது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் அடுத்தடுத்த வாசல்களில் கேட்கும் பெங்களூருவின் லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் ஒரு பழைய தட்டுப் பெட்டி காயலான் கடைக்குப் போகுமுன், ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒட்டிய காகிதத்தைப் படமெடுத்து வைப்பதும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களைக் குறித்து வைப்பதும் பாட்டைப் பதிவிறக்குவதைவிட அவசரமான காரியம்.